லட்டுக்குத் திறந்த கதவு

சிறைக்கதவு மாத்திரைக்குத் திறக்குமா, லட்டுக்குத் திறக்குமா? யோசித்துச் சொல்லுங்கள். சுலோசனா யோசிக்க வேண்டியதில்லை.

ரேணிகுண்டாவில் ஒரு கேன்டீனில் சமையல் வேலை அவளுக்கு. போர்வெல் தண்ணீர்த் தகராறில் கைதான அவள் புருஷன் பரணி, ஜாமீன் கிடைக்காமல் கிளைச்சிறையில் இருந்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறினால் வரும், தவறாவிட்டால் வராது. சிறை டாக்டரும் அதே மாத்திரையைத்தான் எழுதினார். ஆனால் அது மாவட்ட மருந்து ஸ்டோரிலிருந்து வரவேண்டும். ஸ்டோரில் இல்லை.

வாசல் காவலர் வெங்கடசாமியிடம் மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"வெளி மாத்திர உள்ள போவாதும்மா. ரூலு."

"எதுத்தாப்புலயே மெடிக்கல் ஷாப் கீது. நீங்களே வாங்கிக் குடுங்க சார்."

"அதுக்கு ரூல் லேதும்மா. டெண்டர் முடியணும், சரக்கு வரணும்."

"அது வரிக்கும் வலிப்பு வெளிய குந்திக்கினு இருக்குமா?"

அவர் அட்டையை அவள் பக்கமே தள்ளினார். ஆனால் பொல்லாத மனிதர் அல்ல. அவள் பையிலிருந்த திருப்பதி லட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, லட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இத எடுத்துனு போ. பிரசாதத்துக்கு ஏது ரூலு?"

அடுத்த முறை சுலோசனா மாத்திரைகளைப் பொடித்து, திருப்பதி லட்டை உதிர்த்து அதில் பிசைந்து, நாளுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன லட்டுகளாகப் பிடித்து எடுத்துப் போனாள். காவலர் பக்கத்திலேயே நின்றதால் விவரம் சொல்ல முடியவில்லை. "தெனம் ஒண்ணா நீயே துன்னு" என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி பார்க்கப் போனபோது பரணிக்குப் பேச்சு குழறியது. வலிப்பில் நாக்கைக் கடித்திருந்தான்.

"லட்டு துன்னலயா?"

"பிரசாதத்த ஒண்டியா துன்னுவாங்களா? அன்னிக்கே ரூமுல எல்லார்க்கும் குட்த்துட்டேன். அப்பாவு பெரியவரு மூணு துன்னுட்டு மறுநாள் மத்தியானம் வரிக்கும் எழுந்திரிக்கல. சாமி மகிமைன்றாரு."

பிரசாதத்தைப் பகிர்ந்து தின்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே சுலோசனாதான். எப்படி மறந்தாள்? அந்தக் கிழவர் எழுந்திருக்காமலே போயிருந்தால்?

நேராகச் சிறை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள், அப்பாவுவை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக. பார்த்தார், கிழவருக்கு ஆபத்தில்லை. அன்றோடு லட்டும் நின்றது. மாத்திரை இன்னும் வரவில்லை.

"நான் எழுதினா அன்னிக்கே பக்கத்துக் கடையில வாங்கலாம்னு சட்டத்துல ஒரு வரி இருந்தா போதும்மா" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வரியைக் கேட்டு எம்எல்ஏ வீட்டு வாசலில் நின்றாள் சுலோசனா. "நீ ஒருத்தி வந்து கேட்டா ஆவுமா?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

எம்எல்ஏ உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார், ஊர்க் கும்பாபிஷேகத்துக்கும் வருவார். மாலை போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைக் கேளுங்கள். பரணிக்கு அடுத்த வலிப்பு வருவதற்குள் கேளுங்கள்.