மூன்று டெய்சிச் செடிகள்

எங்கள் வீட்டு மண்ணில் ஒரு செடியாவது உயிரோடு நிற்கிறது என்று என் மகளுக்குக் காட்ட வேண்டும். அந்த வீம்பில்தான் டெய்சி வாங்கினேன். பூவின் மேல் பிரியம் என்று சொன்னால் அது பொய். அதைச் சாமிக்குப் போடுவதில்லை, தலையில் வைத்துக்கொள்ள முடியாது, மாலை கட்டுகிறவர் திரும்பியும் பார்க்க மாட்டார். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாகச் சும்மா நிற்கும். நின்றால் போதும் என்றுதான் வாங்கினேன்.

ஆம்பூருக்கு வெளியே இந்த வீட்டை நானும் என் கணவரும் சேர்ந்து கட்டினோம். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர், நான் ஷூ கம்பெனியில் இன்னும் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். போர் போட்டுத் தண்ணீர் பீய்ச்சியடித்தபோது சூடம் ஏற்றிக் கும்பிட்டோம். ஒரு வாய் குடித்துப் பார்த்த அவர், துப்பிவிட்டு, "போவப் போவ சரியாய்டும்" என்றார். சரியாகவில்லை. முருங்கை பட்டுப்போனது, வாழை குருத்திலேயே கருகியது, தரையில் மாவு தெளித்த மாதிரி வெள்ளையாக உப்புப் பூத்தது. ஷாப்பில் உப்புத் தோலை ஊறவைத்து அலசுகிற வேலையை அவர் முப்பது வருஷம் செய்தவர். அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அதில் வந்த சம்பளத்தில்தானே வீடு கட்டினோம்.

மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு மூன்று நாள் வந்தாள். போர் தண்ணீரில் குளித்ததும் கை கால் எல்லாம் சிவந்து தடித்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இப்படித்தான். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வீட்டோடு வந்துவிடேன் என்று நான் நச்சரித்தேன். அவள் கையைச் சொறிந்துகொண்டே சிரித்தாள். "இந்த மண்ணுல மொதல்ல ஒரு செடி பொழைக்கட்டும்மா. அப்புறம் நான் வர்றேன்."

விளையாட்டாகச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏலகிரிக்குப் பஸ் ஏறினேன். நர்சரிக்காரர் மூன்று செடிகளை எடுத்து வைத்து, "ஒரு தடவ நட்டா போதும்மா. வருஷா வருஷம் வெயில் காலத்துல பூத்துக்கினே இருக்கும்" என்றார். அவர் மலைக் குளிரில் உட்கார்ந்துகொண்டு பேசினார். நானும் கேட்டுக்கொண்டேன். ஆலங்காயத்திலிருந்து இரண்டு மூட்டை செம்மண் வரவழைத்து, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே குழி வெட்டி, வரிசையாக நட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் தப்பு செய்தவள் நான்தான். நாங்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள். பக்கத்து வீட்டு பாயம்மா வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் இருக்கிறது. அது கழித்து வெளியே விடுகிற தண்ணீரை வீணாக்காமல் பிடித்து, பாத்திரம் கழுவ எனக்கும் ஒரு பக்கெட் கொடுப்பார். மிஷினிலிருந்து வருகிற தண்ணீர், போர் தண்ணீரை விட நல்லதாகத்தானே இருக்கும் என்று, அதைக் கொண்டுபோய் மூன்று செடிக்கும் ஒரு மாதம் ஊற்றினேன். இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. பாயம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, அது மிஷின் வேணாம்னு தள்ளுன தண்ணி. உப்பு அதுல இன்னும் ஜாஸ்தி. பாத்திரம் கழுவத்தானே குடுத்தேன்?"

முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். நல்லது செய்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதன்பிறகு போர் தண்ணீரையே ஊற்றினேன். இரண்டு செடி செத்தது. கடைசிச் செடி மட்டும் புதுத் துளிர் விட்டது. அந்த இடத்தில் மட்டும் மண் தேறிவிட்டது என்று முடிவு கட்டினேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஏப்ரலில் முதல் பூ விரிந்தது. வெயில் தலையைப் பிளக்கும்போது அந்த வெள்ளையைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பேசினாள்.

"நெஜமாவே நம்ம மண்ணுலயாம்மா?"

"பின்ன? வேற யார் மண்ணு?"

"சரி, சொன்ன மாதிரி ஜூன்ல வந்துடறேன்" என்றாள். அன்றைக்கு மத்தியானமே அவள் அறையை ஒழித்து, மெத்தையை மாடியில் வெயிலில் போட்டேன்.

மே மாதம் காவேரிப்பாக்கத்தில் சொந்தத்தில் ஒரு சாவு. என் கணவர் போய் நான்கு நாள் தங்கிவிட்டார். இரண்டாம் நாளே செடி தலை தொங்கியது. வெயிலுக்குத்தான் வாடுகிறது என்று காலையும் சாயங்காலமும் போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இலை கருகியது. இன்னொன்றும் கவனித்தேன், இரண்டு நாளுக்கு ஒன்று தீர்கிற கேன் நான்கு நாளாகியும் தீரவில்லை. ஆள் ஒன்று குறைவுதானே என்று விட்டுவிட்டேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஜன்னல் வழியாகச் செடியைப் பார்த்தார். நேராகச் சமையலறைக்குப் போய், கேனைச் சாய்த்து ஒரு சொம்பு பிடித்தார்.

"இன்னா பண்றீங்க?"

சொம்பைக் கீழே வைக்கவும் தெரியாமல், மறைக்கவும் தெரியாமல் நின்றார்.

"நீ வேலைக்குப் போனப்புறம் செடிக்கு இந்தத் தண்ணியதான் ஊத்துவேன். உன் போர் தண்ணி உப்ப அதுதான் அலசி எறக்கிச்சி. மூணுக்கும் ஊத்துனா நமக்குக் குடிக்க இருக்காது. அதான் ஒன்ன மட்டும் வெச்சிக்கினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"செடி பொழச்சா வர்றேன்னு அவ சொன்னாளே. எனக்கு மட்டும் பொண்ணு இல்லியா?"

சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். இந்த மண் எதையும் வாழவிடாது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஷாப்பு வேலையை விட்டு நின்ற பிறகும் விரல் இடுக்கில் ஆறாத புண்ணோடு இருக்கிற மனிதர். என் போர் தண்ணீரும் அவருடைய கேன் தண்ணீரும் ஒரே செடியின் மேல் ஆறு மாதம் மல்லுக்கு நின்றிருக்கின்றன. நான் அதைப் பார்த்து மண் தேறிவிட்டது என்று மகளையும் கூப்பிட்டிருக்கிறேன். அவளைக் கேன் தண்ணீரில் குளிக்க வைக்க முடியுமா? எத்தனை வருஷத்துக்கு?

பெங்களூருவில் அவள் இன்னும் ராஜினாமா கடிதம் கொடுக்கவில்லை. மறுநாள் கொடுப்பதாக இருந்தாள். நான் சாயங்காலமே போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது, பூவைப் பற்றி என்ன சொல்வது, அவள் அழுதால் எப்படிச் சமாளிப்பது என்று மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்து வைத்திருந்தேன்.

"வேலய வுடாத கண்ணு. வராத, அங்கியே இரு" என்றேன்.

அவள் ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றாள். அவ்வளவு சட்டென்று சொன்னாள். சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி பெரிய மூச்சு ஒன்று விட்டது போனில் தெளிவாகக் கேட்டது.