ஏழுமலைப் பெரியப்பாவும் நீலம் போன தண்ணீரும்

ஏழுமலைப் பெரியப்பா இறந்ததை யாரும் வந்து சொல்லவில்லை. வில்லியனூர் பேருந்து நிறுத்தத்துச் சுவரில், பசை காயாத சுவரொட்டியில் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கண்ணீர் வடிப்பதாகக் கீழே அச்சிட்டிருந்த பெயர்களில் பாதி, அவர் கேட்ட ஒன்றைக் கடைசிவரை செய்யாதவர்களுடையவை. வரப்பு வெட்டும்போது மாரடைப்பாம். பேருந்தில் என் தோழி ஜெசிந்தா சொன்னாள்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஒரே தெரு, அப்பாவைவிட மூத்தவர், அதனால் பெரியப்பா. உங்களில் பலருக்கு அவரையும் தெரியும், தம்பி கலியமூர்த்தியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லாததும் தெரியும். சங்கராபரணி ஆற்றங்கரையில் மேல் வயல் இவருடையது, கீழ் வயல் தம்பியுடையது. தம்பி பயிரைவிடத் தன் பயிர் கருகருவென்று நிற்க வேண்டும் என்பதற்காகவே யூரியாவை அள்ளி வீசுவார்.

அறிவியல் கண்காட்சிக்காக நானும் ஜெசிந்தாவும் அவர் வடிகாலில் தண்ணீர் எடுக்கப் போனோம்.

"இன்னாடி, என் தண்ணிய மோந்துக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க?"

"நைட்ரேட் இருக்குதான்னு பாக்கறோம் பெரியப்பா."

"பாத்துட்டு எம்மேல கேஸ் போடுவியா?"

நைட்ரேட் இருந்தால் சிவக்கும் சோதனைத் தாள் அடர்ந்த சிவப்பானது. கலியமூர்த்தியின் மோட்டார் தண்ணீர் இறைக்கும் வாய்க்காலிலும் சிவப்புதான். யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைட்ரஜன் வாய்க்காலுக்குப் போகிறது, அங்கிருந்து கொஞ்சம் தம்பி வயலுக்கு, மீதி ஆற்றுக்கு என்று விளக்கினேன். அவர் கீழ் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவன் பயிரு என் யூரியாவுலதான் நிக்கிதா? மூஞ்சி குடுத்துப் பேசமாட்டான், உரத்த மட்டும் மோட்டார் போட்டு இழுத்துக்குவானா?"

அடுத்த பட்டத்தில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தார். விளைச்சல் குறையவில்லை. 'விவசாயி விழிப்புணர்வு பெற்றார்' என்று கண்காட்சி அட்டையில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "விழிப்புணர்வுமில்ல ஒன்னுமில்ல. வயித்தெரிச்சல்னு எழுது" என்றார்.

அவர் வடிகாலில் சிவப்பு வெளுத்தது. ஆற்றின் நாற்றம் மட்டும் போகவில்லை. புதிதாக வந்த மனைகளின் சாக்கடைக் குழாய் நேராக ஆற்றில்தான் விழுகிறது. சோறு, எண்ணெய், மலம் எல்லாம் கார்பன் நிறைந்த கழிவு. நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சில சொட்டு விட்டு, மூடி, இருட்டில் வைத்தால் இது தெரியும். ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலம் மறைந்துவிடும். குழாய்க்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் எடுத்தோம். இருட்டான இடம் என்று பெரியப்பா தன் வீட்டு பீரோவைத் திறந்தார்.

"சாக்கடத் தண்ணிய பட்டுப்பொடவ பக்கத்துல வெக்கிறியே, அறிவு இருக்குதா உனக்கு?" என்று பெரியம்மா அவரிடம் கத்தினார்.

மேல் பாட்டில் நீலமாகவே இருந்தது. கீழ் பாட்டிலில் நீலம் போய்விட்டது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் ஊர்க் கூட்டத்துக்குப் போனார். "நான் யூரியாவ கொறச்சிட்டேன். குழாய நீங்க எப்ப நிறுத்துவீங்க?" என்று கேட்டார். வந்திருந்த பொறியாளர் நிறமில்லாத பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுவா சாக்கட? தெளிவாதான இருக்குது. அந்த நீலத்ததான் குடிக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கம் சொல்ல எழுந்த எங்களை "பசங்கல்லாம் உக்காருங்கம்மா" என்றார்கள். பெரியப்பா மூடியைத் திருகி, பாட்டிலை நீட்டினார்.

"தெளிவாதான சார் இருக்குது. குடிங்க."

சிரிப்பு நின்றது. பொறியாளர் அவசரமாகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் பெரியப்பா அதே கேள்வியைக் கேட்டார். "நீலத்தண்ணி வந்துட்டாருபா" என்று சிரிப்பதற்குத்தான் ஆள் இருந்தது.

கருமாதியன்று மகன் ஆற்றில் தலை முழுக வேண்டும். கரையில் கறுப்பு நுரை ஒதுங்கியிருந்தது. அண்ணனோடு கடைசிவரை பேசாத கலியமூர்த்தி, கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிவந்து இறக்கினார்.

"எறங்காதடா. உங்கப்பன் கத்திக்கினு கெடந்தது இந்தத் தண்ணிக்குதான்."

"ஆத்துல முழுவாம எப்படிங்க?" என்றார் புரோகிதர்.

"ஆறு எங்க இருக்குது? காட்டு சாமி."

அண்ணன் மகன் தலையில் கலியமூர்த்தியே கேனைக் கவிழ்த்தார். சுவரொட்டியில் பெயர் போட்டிருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், "தங்கமான மனுஷன். நீதான் நல்லா எழுதுவியே பாப்பா, அவரப் பத்தி எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். தங்கமான மனிதர் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவரை அமைதியாக உறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழாய் இன்று காலையும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.