பழசு என்றொரு ஃபோல்டர்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலை விட்டு வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கிறேன். இதே வாசலிலிருந்து இதே மாதிரி ஒருமுறை போயிருக்கிறேன். அன்றைக்கும் கையில் சாப்பாட்டு டப்பா மட்டும்தான்.

இன்று வந்தது விடுதிக்கு மெத்தை இறக்க. வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு, பழைய கம்ப்யூட்டர் சென்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே நடந்தேன். அந்த ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது, கீழே காபிக் கடை. வாசல் காவலரைக் கேட்டேன். "கௌன்சா சென்டர்? சப் ஆன்லைன் ஹை பாய்" என்றார், எந்த சென்டர், எல்லாம் ஆன்லைன்தான் என்று. அந்த சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா மேடம் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பாவம், அவரை என்ன சொல்வது?

இப்போது ரோட்டோர ஜெராக்ஸ் கடையிலிருந்து காகிதமும் மையும் கலந்த வாசனை வருகிறது. மேடத்தின் அறையில் நாளெல்லாம் இருந்த வாசனை அது.

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன். ஆம்பூரில் தோல் ஷெட், ஓசூரில் செங்கல், அப்புறம் லாரி ஏறி ஹைதராபாத். காண்டிராக்டர் என்னை அந்த சென்டரில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்த்துவிட்டான். ஆறு மாதத்தில் பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டையே நான்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மை. அங்கிருந்த புரோகிராமர் பெங்களூருக்குப் போய்விட்டான். மிச்சமிருந்தது மேடம் ஒருவர்தான். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி, இரண்டு கண்ணிலும் புரை. திரையின் சின்ன எழுத்து அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் துடைப்பத்தோடு நின்ற என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் பாஸ்வேர்டைச் சொன்னார். "யார்ட்டயும் சொல்ல நக்கோ, ஹவ்?" என்றார்; சொல்லாதே, சரியா என்பதை அந்த ஊர்ப் பேச்சில். எனக்குச் சொல்ல ஆளும் இல்லை.

அந்த மென்பொருளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். திரை இரண்டு பாதியாக இருக்கும். இடது பக்கம் நம் கம்ப்யூட்டர், வலது பக்கம் எங்கோ குளிர் அறையில் இருக்கிற சர்வர். இடதிலிருந்து ஃபைலை மவுஸால் பிடித்து இழுத்து வலதில் போட்டால் அது உலகத்துக்கே தெரியும். எது எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனது என்று கீழே வரிவரியாக எழுதிக்கொண்டே வரும். அதை லாக் என்பார்கள்.

மேடத்துக்கு ஒரு விதி இருந்தது. புதுசை ஏற்றுமுன், சர்வரில் இருக்கிற பழசை முதலில் நம் பக்கம் இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கென்றே ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்து, வலதிலிருந்து இடதுக்கு ஒரு இழுப்பு. பிறகு வெளியே வந்து, இடதிலிருந்து வலதுக்கு ஒரு இழுப்பு. ஒவ்வொரு முறையும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "ஃபோல்டர் தொறந்தியா?" என்று கேட்பார். "தொறந்தேன் மேடம்." "அப்ப இழு." நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

எம்.எஸ்சி. சேர்க்கையின் இரண்டாம் பட்டியல் வந்த அன்று புதன்கிழமை. புதன் என்றால் மேடம் நவநாள் ஜெபத்துக்காக நாலு மணிக்கே மாதா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். "கைக்கு அவசரம், எதுக்கு அவசரம்? நிதானமா போடுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் நிதானமாகத்தான் போட்டேன். ‘பழசு’ ஃபோல்டரைத் திறக்க மட்டும் மறந்துவிட்டேன். முதல் பட்டியலுக்கும் இரண்டாம் பட்டியலுக்கும் ஒரே ஃபைல் பெயர்; பக்கத்தின் முகவரி மாறக்கூடாது என்பதற்காக அப்படி. இறக்கிய பழைய பட்டியல் நேராகப் புதிய பட்டியலின் மேல் வந்து உட்கார்ந்து அதை அழித்தது. ‘மாற்றட்டுமா’ என்று மென்பொருள் கேட்டிருக்கும்; தினமும் கேட்கிறதே என்று, இனிமேல் கேட்காதே என்பதை எப்போதோ டிக் செய்துவைத்திருந்தேன். பிறகு அந்தப் பழசையே பத்திரமாக சர்வருக்கு ஏற்றினேன். வெற்றி என்று காட்டியது. பக்கம் திறக்கிறதா என்று பார்த்தேன், திறந்தது. பெயர்களை யார் படிப்பார்கள்? டீ குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை குஷாய்குடாவிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். அங்கே ஒரு ஆலையின் கேன்டீனில் சமையல், சேலம் பக்கத்துக்காரர். மகள் பெயர் கவிதா.

"சார், மூணு நாளா பாத்தோங்க. பழைய லிஸ்ட்டுதான் இருந்துச்சு. வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள வந்து சேரணும்னு சனிக்கெழமதான் இவ கூட்டாளி சொன்னா. ரெண்டாவது லிஸ்ட்ல இவ பேரு இருக்காம். இப்ப வந்தா, சீட்ட அடுத்த ஆளுக்குக் குடுக்கப்போறோம்ங்கறாங்க."

சேர்க்கைப் பிரிவில், நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம், வெப்சைட்டிலும் போட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் மூன்றாம் பட்டியலும் ஏறிவிட்டது. அதை ஏற்றியதும் நான்தான், ஃபோல்டரைத் திறந்து, ஒழுங்காக. பழைய தப்புக்கு இணையத்தில் தடயமே இல்லை.

"பழைய லிஸ்ட்டுதான் இருந்துச்சுன்னு எதாச்சும் அத்தாட்சி கொண்டாங்கறாங்க. நான் எங்கங்க போவேன்?"

கவிதா தரையைப் பார்த்தபடி, "போதாம் நானா" என்றாள். அப்பா தமிழில் பேச, அவள் தெலுங்கில், போகலாம் அப்பா என்கிறாள். அவர் நகரவில்லை.

மேடம் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். லாக்கைத் திறந்தேன். இரண்டு வரிகள் போதுமாக இருந்தன. புதன் நாலரை, வலதிலிருந்து இடது. ஒரு நிமிடம் கழித்து, அதே பெயர், அதே அளவு, இடதிலிருந்து வலது; இறக்கிய பழசேதான் திரும்ப ஏறியிருக்கிறது. மேலே முதல் வரியில் மேடத்தின் லாகின். கூட்டுகிற ஆளுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தது தெரிந்தால் பென்ஷனில் கை வைப்பார்கள்.

வரிகளை நான் படித்துச் சொன்னேன்.

"அதை அழிச்சுடுப்பா" என்றார்.

"அந்தப் பொண்ணு மேடம்..."

"எனக்குத் தெரியாதா? அழிச்சுடு."

தன் மேசைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முதல் வரியை வெட்டிவிட்டு அச்சடிக்கலாமா என்று யோசித்தேன். தலையில்லாத காகிதத்தை யார் நம்புவார்கள்? அப்படியே பிரிண்ட் கொடுத்தேன். அந்த மெஷின் பழைய டாட் மேட்ரிக்ஸ், ஓரத்தில் துளை போட்ட தொடர்காகிதம். தையல் மெஷின் மாதிரிக் கத்தும், அடுத்த கட்டடத்துக்கே கேட்கும். மேடம் திரும்பவில்லை. சத்தம் நின்றதும், சுவரைப் பார்த்தபடியே, எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"ஓரத்தைப் பாத்துக் கிழி."

கிழித்தேன். பிறகு லாக்கையும் அழித்தேன், அவர் சொன்னபடி. வெளியே வந்து காகிதத்தை அந்த அப்பாவிடம் கொடுத்து, சேர்க்கை டைரக்டரிடம் காட்டச் சொன்னேன். "யாரு குடுத்தாங்கன்னு கேட்டா என்னங்க சொல்ல?" என்றார். "மேடம் பாஸ்வேர்டத் திருடி, கூட்டுற ஆளு பண்ணுன தப்புன்னு சொல்லுங்க. ஓடிட்டான்னு சொல்லுங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கவிதா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். சொன்னதை உண்மையாக்கவேண்டுமே, டப்பாவை எடுத்துக்கொண்டு இந்தப் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நெட் சென்டரில் அந்தத் துறையின் மாணவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பெயர் கவிதா. அதை இடமிருந்து வலம் இழுத்தது யார் என்று எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. மேடமாக இருந்தால் நல்லது, அவர் வேலை போகவில்லை என்றாகும். அவர் வீடு எனக்குத் தெரியும், ஒரு பஸ் தூரம்தான். போகவில்லை. அந்தக் கட்டடம் போய்விட்டது, அந்த நெட் சென்டரும் இல்லை, திரையை இரண்டாகப் பிரிக்கிற மென்பொருளை இப்போது யாரும் தொடுவதில்லையாம். யாரைக் கேட்பது?

சென்டரை விட்டு வந்த அன்று ராத்திரி போவன்பள்ளி மார்க்கெட்டில் சாக்கின் மேல் படுத்தேன். காலையில் தக்காளி லாரி வந்தது. ஆள் குறைந்ததால் கமிஷன் கடைக்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். படிச்சியா என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பெட்டிகளைக் காட்டினார். எங்கிருந்து எங்கே என்று கேட்டேன். லாரியிலிருந்து கடைக்கு என்றார். நான் இன்னொரு முறை கேட்டேன். "பாகல்", பைத்தியம், என்று சிரித்துவிட்டு, கையால் லாரியையும் கடையையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் முதல் பெட்டியைத் தூக்கினேன்.