வருஷா வருஷம் தப்பி ஓடிய ராசா

பழுதான குடையைக் கையில் வாங்கியதும் குடை ரிப்பேர்க்காரர் கடற்கரை அதை விரித்துப் பார்ப்பதில்லை. கைப்பிடியை இறுகப் பற்றி இடமிருந்து வலமாக ஒரு வீச்சு, மேலிருந்து கீழாக ஒரு வீச்சு. எந்தக் கம்பி முறிந்திருக்கிறது, எந்த முனையில் தையல் விட்டிருக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். குடையைக் கொண்டுவந்தவர் அதற்குள் ஓரடி பின்வாங்கியிருப்பார்.

"பயப்படாதேயும் வே. நம்ம பக்கத்து ஆள வெட்ட மாட்டேன்."

தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு பாத்திரக் கடையின் இறவாரத்தில் அவருக்கு இடம். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் கை ஓயாது. சீசனுக்கு வந்தவர்கள் அருவிக்கரைக் காற்றில் குடையை முறித்துக்கொண்டு, ஊருக்கு பஸ் ஏறுமுன் அவரிடம் வருவார்கள். முறிந்த இடத்தைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவதாக அவருக்கு நினைப்பு. "மலையாளத்தான் குடைய விரிச்சு ஒடிப்பான். மதுரக்காரன் கக்கத்துல வச்சே ஒடிப்பான்."

அவர் உட்கார்ந்திருப்பது மசூது என்பவரின் சைக்கிள் கடையில் உருவான நாற்காலி. பழைய கைவைத்த நாற்காலி ஒன்றின் கால்களை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம், பின்னால் ஒரு சின்ன உருளை. அவர் அதை வண்டி என்பார். மழையில் நனைந்து வந்தால் முகத்தைத் துடைக்குமுன் சக்கரத்தைத் துடைப்பார். கேட்காமல் யாராவது பின்னாலிருந்து தள்ளினால் பிடிக்காது. "வண்டிக்காரன் நான் இங்கன இருக்கேன்லா?"

முன்பு அவர் மர லாரியில் கிளீனர். புளியறைச் செக்போஸ்டில் லாரி நின்றிருந்தபோது கட்டு தளர்ந்து ஒரு தேக்குத் தடி உருண்டது. அதைப் பற்றி அவர் சொல்வது ஒரு வரிதான். "தடி வந்துச்சு. நான் நவுரல."

அவர் வாய் ஓயாமல் பேசுவது கோட்டைச் சண்டையைப் பற்றி.

இப்போது அது நடப்பதில்லை. குத்துக்கல்வலசைப் பொட்டலில் வீடுகள் வந்துவிட்டன. சுதந்திரம் வந்த புதிதிலிருந்து பல வருஷம், ஒவ்வொரு ஆகஸ்டு பதினைந்தும் அங்கே பாளையக்காரருக்கும் வெள்ளைக்காரக் கும்பினிப் படைக்கும் சண்டை நடக்கும். எந்தப் பாளையம், எந்த வருஷத்துச் சண்டை என்று யாரும் கேட்டதில்லை. பனையோலைத் தட்டியில் செம்மண் பூசிக் கோட்டை. காவிக்கட்டிக் கரைசலில் முக்கியெடுத்த சட்டைகள் கும்பினிக்கு. துப்பாக்கிக்கு ஓலைப்பட்டாசு. பெண்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். மேற்கே மலை மேல் மேகம் கவிந்திருக்கும். வெடிமருந்து வாசனையோடு சாரல் வந்து முகத்தில் விழும். அந்த வாசனை மறுபடி எங்கேயும் கிடைக்கவில்லை என்பார் கடற்கரை. தீபாவளிக்குக் கிடைக்காதா என்றால், "அது வேற மருந்துவே" என்பார்.

அந்த முதல் வருஷங்களில் அவர் ஈட்டிக்காரன். வெடி வெடித்ததும் மற்றவர்கள் பொத்தென்று விழுந்துவிடுவார்கள். கடற்கரை விழ மாட்டார். ஈட்டியை ஊன்றுவார். ஒரு முழங்கால் மடியும். மறுபடி எழுவார். கோட்டை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அப்புறந்தான் விழுவார். கூட்டத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்கும். அவர் மனைவி வள்ளித்தாய் இன்றைக்கும் சொல்வாள்: "எங்க அப்பா இவரப் பொட்டல்ல வச்சுத்தான் பாத்தாரு. நல்லாச் சாகுதானேன்னு பொண்ணு குடுத்துட்டாரு."

சண்டையை நடத்தியவர் சங்கிலிப்பாண்டி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசிலோடுதான் சரித்திரம் நடத்துவார். கடைசிக் கட்டம் அவருடைய ஏற்பாடு. கோட்டை விழுந்ததும் உறுமி மேளம் ஒலிக்கும். செத்துக் கிடப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் ஊர்ப் பேரை உரக்கச் சொல்லி, மலையைப் பார்த்து நடந்து போவார்கள். அப்போது பொட்டலே எழுந்து நிற்கும்.

தடி விழுந்த பிறகு இரண்டு வருஷம் கடற்கரை பொட்டல் பக்கம் போகவில்லை. மூன்றாம் வருஷம் வண்டியை உருட்டிக்கொண்டு சங்கிலிப்பாண்டி வீட்டு வாசலுக்குப் போனார்.

"ஏட்டையா, பழைய வேஷத்தக் குடுங்க."

"எந்த வேஷம்லே?"

"ஈட்டிக்காரன்."

"சாகது சரி. பெறவு உறுமி அடிப்பான். எல்லாவனும் எந்திரிப்பான். நீ என்ன செய்வ?"

"கெடப்பேன்."

"கெடந்தா சனம் என்னலே நெனைக்கும்? பாவம், எந்திரிக்க முடியலன்னு உச்சுக்கொட்டும். நான் நடத்துத சண்டையில உச்சுக்கொட்டக் கூடாது."

"செத்தவன் எதுக்கு ஏட்டையா எந்திரிக்கணும்?"

"நீ ராசாவா இருந்துக்கோ" என்றார் சங்கிலிப்பாண்டி. "ராசா உக்காந்துதான இருக்கான்? சாகவும் வேண்டாம், எந்திரிக்கவும் வேண்டாம். ஊரே கேக்குத வேஷம்லே."

அப்படித்தான் கடற்கரை ராசாவானார். சக்கரம் தெரியாமல் வண்டியைச் சுற்றிச் சிவப்புப் பட்டு கட்டினார்கள். அட்டைக் கிரீடம், பாசிமாலை, சரிகை அங்கி. கதைப்படி கோட்டை விழும் சமயம் ராசா ரகசிய வழியாக மலைக்குத் தப்பிவிடுவார். மரக்கடையில் தடி தூக்கும் நல்லதம்பி மெய்க்காப்பாளன் வேஷத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவான். தட்டிக்குப் பின்னால் இருந்துகொண்டு, வெளியே வெடி வெடிப்பதையும் ஒவ்வொருவராக விழுவதையும் கடற்கரை காதால் கேட்பார். வருஷா வருஷம் இதுதான்.

"எல்லாவனும் செத்து நல்ல பேரு வாங்குதான். நடக்க முடியாதவன் நான் ஒருத்தன் ஓடுதேன்" என்று வள்ளித்தாயிடம் சொல்வார்.

"ராசாவுக்கு வாக்கப்பட்டதுல எனக்கொண்ணும் கொறை இல்ல" என்பாள் அவள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடிக் கடைசி வாரம் வரை மழை விடவில்லை. சண்டையன்று வானம் வெறித்திருந்தது. பொட்டல் மட்டும் உழுத வயலாகக் கிடந்தது. கோட்டைச் செம்மண் பாதி கரைந்துவிட்டது. தப்பி ஓடும் கட்டத்தில், தட்டிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே, சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. நல்லதம்பி ஈட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு முட்டிப் பார்த்தான். அசையவில்லை. முட்ட முட்ட அச்சு வரைக்கும் புதைந்தது.

கும்பினிப் படை வாசலை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்னால் யாக்கூப். ரொட்டிக் கடைக்காரன், நல்ல நிறம், அதனால் எப்போதும் அவன்தான் துரை. எதிரே சேற்றில் ராசாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். ராசா கண்ணில் பட்டால் பிடிக்க வேண்டும். பிடித்தால் கதை கெட்டுவிடும். அவன் வானத்தைப் பார்த்தான். அவன் ஆட்கள் புல்லுக்குள் குனிந்து தேடத் தொடங்கினார்கள்.

"அந்தா இருக்காருலே ராசா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"தொரைக்கு மாலக்கண்ணு போல!"

சிரிப்பு கிளம்பியது. சங்கிலிப்பாண்டியின் விசில் விடாமல் அலறியது.

"அண்ணாச்சி, சீக்கிரம் போங்க" என்றான் யாக்கூப், உதடு அசையாமல்.

"எங்கன போக? குத்துலே."

"ராசாவ நான் குத்த மாட்டேன். ஏட்டையா என்னத் தொலைச்சுப்புடுவாரு."

கடற்கரை கிரீடத்தைக் கழற்றி நல்லதம்பியின் தலையில் வைத்தார். மாலையும் சரிகை அங்கியும் அவனுக்கே போயின. வெற்றுடம்போடு அவன் தோளில் இருந்த ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இனிமே நீதாம்லே ராசா. ஓடு."

"அண்ணாச்சி, நான் எப்படி..."

"ஓடுலே! மலையப் பாத்து ஓடு!"

நல்லதம்பி கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடினான். ராசா தப்பிவிட்டார். கூட்டத்தின் சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக அடங்கியது. விசில் நின்றுவிட்டது.

யாக்கூப் இப்போது நேராகப் பார்த்தான். எதிரே ஓர் ஈட்டிக்காரன். கையைத் தூக்கினான். பட்டாசு வெடித்தது.

கடற்கரை ஈட்டியைச் சேற்றில் ஆழக் குத்தினார். அதை இரண்டு கையாலும் பற்றி உடம்பை வண்டியிலிருந்து மேலே இழுத்தார். பட்டுத்துணி சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. அந்த ஈட்டியில் தொங்கியபடி கோட்டை வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். அப்புறந்தான் விழுந்தார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது.

உறுமி தொடங்கியது. "மேலகரம்" என்று சொல்லி ஒருவன் எழுந்தான். "இலஞ்சி" என்று ஒருவன். "புளியறை." சேறு சொட்டச் சொட்ட ஒவ்வொருவராக மலையைப் பார்த்து நடந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. பொட்டலில் வேறு யாரும் இல்லை. கவிழாமல் நின்ற வண்டியும், அதன் அருகே கடற்கரையும்.

உறுமிக்காரன் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தான். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்து, அடி என்று தலையை ஆட்டினார். அடித்துக்கொண்டே இருந்தான். நடந்து போனவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவன் அவர் கக்கத்தில் கை கொடுத்தான், மற்றவன் காலைப் பிடித்தான்.

கடற்கரை கண்ணைத் திறக்காமலே ஒரு கையால் இருவரையும் விலக்கினார். பிறகு அந்தக் கையைச் சேற்றில் துழாவி, முதலில் அது விழுந்து பதிந்திருந்த குழியிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.