முஷ்டி நுழையும் வண்டி

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாரும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். என் கணவருக்குச் சன்ரூஃப் வேண்டும். கோவில்பட்டி வெயிலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பைத்தியம் போகும் என்று கேட்டால், "இருந்துட்டுப் போட்டுமே" என்பார்.

எனக்கு வேண்டியது இரண்டே காரியம். திங்கள் முதல் வெள்ளி வரை தூத்துக்குடியில் என் அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். சனி, ஞாயிறு புதூருக்கு அந்தப் பக்கம் என் மூன்று ஏக்கருக்குப் போக வேண்டும். அப்பா இறந்தபின் என் பங்குக்கு வந்த கரிசல் அது. தார்ச்சாலை முடிந்து இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. பக்கத்து நிலம் என் அண்ணனுடையது. இரண்டையும் சேர்த்துச் சோலார் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிட வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

"மழ பேஞ்சா ஒன்னால இங்கன வர முடியுமாட்டி? கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரு."

"இந்த வருசம் நானே வெதைக்கேன். முடியலன்னா கையெழுத்துப் போடுதேன். அதுவரைக்கும் என் நெலத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். கோபத்தில் வந்த பேச்சு. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மழைக்காலம் வந்தால் எங்கள் ஊரில் பைக்கின் முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார்கள். கரிசல் சேறு டயரைச் சுற்றி அப்பி, மட்கார்டுக்குள் ஏறி இறுகி, சக்கரத்தை உருளவே விடாது. காரிலும் அதே கதைதான். அதனால் கார் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பது முதல் கேள்வி. அதை எந்த விளம்பரத் தாளிலும் அச்சடிப்பதில்லை.

ஆகவே மூன்று ஷோரூம்களில் ஏறி இறங்கி, பளபளக்கும் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கு மேல் முஷ்டியை நுழைத்துப் பார்த்தேன். விற்பனைக்காரப் பையன்கள் பதறினார்கள்.

"மேடம், கை அழுக்காயிரும்."

"அழுக்கானாப் பரவாயில்ல. உள்ள போகுதான்னு பாக்கேன்."

உடனே அவன் என் கணவர் பக்கம் திரும்பிக்கொள்வான். "சார், கலர் பாத்தீங்களா?" எல்லா இடத்திலும் இதுதான் நடந்தது. கேள்வி கேட்பது நான், பதில் போவது அவருக்கு. அவரும் வெட்கமில்லாமல் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். சம்பளம் என்னுடையது, ஓட்டப் போவதும் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மண்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடையில் கேட்டேன். "டோல்கேட் வரைக்கும்தான் மேடம் அனுமதி. வேணும்னா சர்வீஸ் ரோட்டுல ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு, அதுல ஏத்திக் காட்டுதேன்" என்றான். சிரிப்பதா, சாவியை அவன் மேல் எறிவதா என்று தெரியவில்லை.

பார்க்க மிரட்டலாக இருந்த வண்டிகளில் நாலு விரல்கூடப் போகவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முழங்கை வரை போயிற்று. ஆனால் தினமும் தூத்துக்குடி போய்வர அது குடிக்கும் பெட்ரோலுக்கு என் சம்பளம் பத்தாது. கடைசியில் ஒல்லி டயரும் சதுர உடம்புமாக ஒரு சின்ன எஸ்.யூ.வி. முஷ்டி நுழைந்து தாராளமாகத் திரும்பியது. "தீப்பெட்டி மாதிரி இருக்கு" என்றார் கணவர். தீப்பெட்டி ஊர்க்காரிக்கு அது போதும் என்று முன்பணம் கட்டிவிட்டேன். வண்டி கைக்கு வரப் பத்து வாரம் ஆகும் என்றார்கள்.

புரட்டாசியில் அண்ணன் போன் செய்தான். "வெதைப்பு ஆரம்பிச்சாச்சு. வாரியா?"

மழைக்கு முந்தியே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போது பாதை கட்டாந்தரையாகக் கிடக்கும். எந்த வண்டியும் போகும். பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால்கூட அரை மணி நேரம்தான். ஆனால் அவன் முன்னால் பஸ்ஸை விட்டிறங்கி வியர்வையோடு நடந்துபோய் நிற்க எனக்கு மனசில்லை.

"வண்டி வந்துரட்டும்" என்றேன்.

மழை முந்திக்கொண்டது. வண்டி ஐப்பசியில் வந்தது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நிலத்துக்கு ஓட்டிப் போனேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் பள்ளங்களில் சேறு கிடந்தது. வண்டி வழுக்கியது, திணறியது, ஆனால் சக்கரம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அந்த இரண்டு கிலோமீட்டரும் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

வரப்பில் மட்கார்டு இல்லாத மொபெட்டோடு அண்ணன் நின்றிருந்தான். என்னைப் பார்க்கும் முன் குனிந்து டயருக்கு மேல் முஷ்டியை நுழைத்துப் பார்த்தான். "பாத்துத்தான் வாங்கிருக்க" என்றான்.

அவன் நிலம் முழுக்க உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. எங்கள் எல்லைக்கல் வரை வரிசை நேராக வந்து, கல்லோடு நின்றிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் என் மூன்று ஏக்கரும் வெறும் கறுப்பு.

"ஒரு வரிசகூட இங்கிட்டுப் போடலியா?"

"நீதானட்டி கை வைக்கக் கூடாதுன்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. சேற்றுக்கு வண்டி தேடித்தேடி, புழுதியில் செய்ய வேண்டிய வேலையை விட்டிருக்கிறேன். கரிசலில் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

"உளுந்துக்கு நேரம் போச்சு. இந்த ஈரத்துல கொத்தமல்லி போடலாமா?" என்று கேட்டேன்.

அவன் ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தான். "போடலாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போடணும். விட்டா ஈரம் காஞ்சிரும்."

"நாளைக்குத் திங்கக்கெழமல்லா."

"அதுக்கு மண்ணு என்ன செய்யும்?"

மறுநாள் காலை விதை மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வாசலில் நின்றபடி மேலதிகாரிக்குப் போன் செய்து விதைப்புக்கு லீவு கேட்டேன். மாதக் கடைசி, எரிச்சலாகிவிட்டார்.

"அந்த வேலைய சனி ஞாயிறுல வச்சுக்கக் கூடாதாம்மா?"

முடியாது சார் என்று மட்டும் சொன்னேன். சனி ஞாயிற்றுக்கென்றே பார்த்துப் பார்த்து ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.