வாய் நிறையத் தண்ணீர்

பதிவை நான்காவது நிமிடத்தில் மறுபடியும் நிறுத்தி, சிவப்புப் பேனாவை எடுத்தாள். தாளில் ஏற்கெனவே சிவப்பு மட்டும்தான் இருந்தது. ஆசிரியர் குரல் சிவப்பு, மாணவர் குரல் நீலம், அமைதிக்குப் பென்சில். இருபது நிமிடப் பாட்டு வகுப்பைப் பதிவுசெய்து, பத்து நொடிக்கு ஒரு கட்டம் என்று வண்ணம் தீட்ட வேண்டும். நீலப் பேனாவின் மூடியை அவள் இன்னும் கழற்றவே இல்லை.

சமையலறை மேஜைக்கு அந்தப் பக்கம் கணவன் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. தக்காளியும் அவன் கையில் ஒரே கனத்தில்தான் விழும்.

"என்ன டீச்சரம்மா, தாளெல்லாம் ரத்தக்களரியா இருக்கு?"

"எல்லாம் நான்தான்."

"பிள்ளைங்க எங்க?"

"இருக்காங்க. எனக்குப் பின்னாடி எங்கயோ இருக்காங்க."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தான். "நல்லாத்தான் பாடற. ஆனா முப்பது பிள்ளைங்க கூட இருந்தாங்கன்னு சத்தியம் பண்ணாத்தான் நம்புவாங்க."

பத்தொன்பது வருடமாகப் பள்ளியில் பாட்டு டீச்சர். நாற்பத்தைந்து வயதில் முதுகலைக்குச் சேர்ந்ததற்கு அறிவுத் தாகம் காரணமல்ல. அடுத்த வருடத்திலிருந்து முதுகலை முடித்தவர்களுக்குத்தான் மேல்வகுப்புகள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கென்று வியாழக்கிழமை மாலைகளில் நடக்கிற படிப்பு அது. மூன்று தாள்களை ஊதித் தள்ளிவிட்டாள். நான்காவது, தன் வகுப்பைத் தானே ஆராய்கிற தாள். அது போன வாரம் திரும்பி வந்திருந்தது. மேலே இரண்டே வரி: "ஆசிரியர் மிக நன்றாகப் பாடுகிறார். வகுப்பு எங்கே?" இன்னொரு முறை தவறினால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். பழைய பதிவுக்கு வண்ணம் தீட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு வகுப்பைப் பதிவுசெய்து வரச் சொல்லியிருந்தார்கள்.

முதல்முறை அவள் கச்சேரிக்குப் பதிவுசெய்வது போலத்தான் செய்திருந்தாள். போனைத் தன் வாய்க்கு ஒன்றரை அடி தள்ளி நிறுத்தி, எதிரொலி இல்லாத மூலை பார்த்து, மூன்று முறை எடுத்து, அதில் தன் குரல் பிசிறாத ஒன்றைப் பொறுக்கி அனுப்பினாள். எது பாடம் என்று அவளைக் கேட்டிருந்தால், இதுதான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பாள்.

வியாழக்கிழமை வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தாளைக் காட்டினாள். அவர் ஹோட்டல் ஒன்றில் பியானோ வாசிக்கிறவர். ஆறு நாள் மாலையும் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே வாசித்துவிட்டு, ஏழாம் நாள் இங்கே வந்து உட்காருவார். எல்லாருக்கும் அவர் ஹோட்டல்காரர்.

"கொடுத்துவச்சவங்க டீச்சர் நீங்க," என்றார். "நான் வாசிச்சா யாரும் கேக்கறதில்ல. நீங்க பாடினா வேற யாரையும் கேக்க முடியறதில்ல."

"கிண்டல் பண்ணாதீங்க. பாட ஆரம்பிச்சா நானும் சேந்துடறேன். நிறுத்தணும்னு நினைக்கறதுக்குள்ள அடுத்த அடி வந்துடுது."

"வாயில எதையாவது போட்டு அடைச்சுக்குங்க."

"முட்டாய் போட்டாலும் பாடுவேன்."

"தண்ணி? வாய் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டு யார் பாடறாங்கன்னு பாத்துடலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட். நான்காம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். போனை இந்த முறை அறையின் நடுவில், ஜன்னல் பக்கத்து அலமாரி மேல் வைத்தாள். கரும்பலகையில் எழுதினாள்: இன்று நீங்கள் பாடுங்கள், நான் கேட்கிறேன். பிறகு பாட்டிலைத் திறந்து வாயை நிரப்பிக்கொண்டு திரும்பி நின்றாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"டீச்சருக்குப் பல்வலி."

"இல்லடா, புடுங்கிட்டாங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வீங்கிச்சு."

பிறகு அமைதி. ஒரு நிமிடம் முழுசாகப் போயிற்று. பென்சிலுக்கு ஆறு கட்டம் என்று அவள் மனது கணக்குப் போட்டது. அமைதி பிடிக்காத வகுப்புத் தலைவி முன் வரிசையில் எழுந்து, இரண்டு தட்டுத் தட்டி, பாட்டை எடுத்தாள். எடுத்தாள் என்றால், எங்கோ உச்சாணிக் கொம்பில் எடுத்தாள்.

டீச்சர் எப்போதும் நாலு கட்டைச் சுருதியில் ஆரம்பிப்பாள். இளவயதில் ஐந்தரை. குரல் வருடா வருடம் கொஞ்சம் இறங்க, அதோடு சேர்த்து வகுப்பையும் இறக்கிக்கொண்டே வந்திருந்தாள். இந்தப் பெண் ஆறரையில் நின்றாள். தடுக்க டீச்சரின் கை தானாக உயர்ந்தது. கை உயர்ந்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்பது அந்த வகுப்பின் பழக்கம். முப்பத்தொரு பேரும் கூட்டினார்கள். தண்ணீர் கொஞ்சம் மூக்குக்கு ஏறிவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி இருமினாள். மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

இருமி முடிப்பதற்குள் அவர்கள் இரண்டாம் அடிக்குப் போயிருந்தார்கள். பாட்டு நின்றுவிடவில்லை. குழந்தைகளுக்குக் குரலே இல்லை என்று ஆசிரியர் அறையில் அவள் புலம்பாத நாள் கிடையாது. இப்போது குரல் ஜன்னல் கம்பியில் பட்டுத் திரும்பியது. நாலு கட்டையில் உறுமிக்கொண்டிருந்ததெல்லாம் இந்தப் பிள்ளைகள்தானா என்றிருந்தது.

செய்ய ஒன்றும் இல்லாததால் நடந்தாள். பாட்டு நடக்கும்போது கடைசி வரிசைக்கு அவள் போனதே இல்லை. அங்கே ஒரு பெண், இரண்டு பக்கமும் கிளிப் போட்டவள், கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். சுருதி சுத்தமாக நின்றது. இரண்டாம் வகுப்பில் இவள்தான் வகுப்பின் சுருதியையே கீழே இழுத்தவள். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைடா கண்ணு, போதும்," என்று சொல்லியிருந்தாள். சொன்னது டீச்சருக்கு மறந்தே போயிருந்தது.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து, பக்கத்தில் டீச்சர் நிற்பதைப் பார்த்தாள். குரல் அந்த இடத்திலேயே நின்றது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஒரு எழுத்து பிசகாமல்.

டீச்சர் தண்ணீரை விழுங்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாட்டில் அரை அடி போனதும் பின்னாலிருந்து குரல் மறுபடி வந்தது.

அன்று மாலை மேஜையில் நீலப் பேனா தீர்ந்துபோய், கணவனின் சட்டைப் பையிலிருந்து இன்னொன்று எடுக்க வேண்டியிருந்தது. கட்டங்கள் முடிந்ததும் கடைசியில் ஒரு பக்க விளக்கம் எழுத வேண்டும். அவள் கட்டை விஷயத்தை எழுதினாள். பிறகு கடைசி வரிசையை எழுதினாள். கணவன் படித்துப் பார்த்தான்.

"இதை எதுக்கு எழுதற? பதிவுல இது தெரியாது. ஒரு பிள்ளையைப் போய் வாயை மூடுன்னு சொன்ன டீச்சர்னு பேர் வாங்கணுமா? ஃபெயில் போட்டா என்ன பண்ணுவ?"

"மூடுன்னு சொல்லல. அசைன்னு சொன்னேன்."

"ரொம்ப நல்லது."

அவள் அந்தப் பத்தியை அடிக்கவில்லை. ஒரு தடவை பேனாவை அதன் மேல் கொண்டுபோனாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பேராசிரியை பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். டீச்சரைவிடப் பதினோரு வயது சின்னவள். நான்காம் நிமிடத்து இருமல் வந்தபோது ஹோட்டல்காரர் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். அவருடையது லேஸ் இல்லாத ஷூ.

பேராசிரியை விளக்கத்தின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தாள்.

"இது பதிவுல எங்கயும் தெரியலயே மேடம். எழுதாமலே விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்."

"அப்புறம்?"

"நீலம் ஏன் கூடிச்சுன்னு காரணம் கேட்டிருந்தீங்க. முன்னாடி ஏன் குறைஞ்சிருந்துச்சுன்னு சொல்லாம அதை எப்படிச் சொல்றது?"

பேராசிரியை தாளின் மேல் மூலையில் மார்க்கை எழுதி, அவள் பக்கம் நகர்த்தினாள். அறுபத்திரண்டு. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி.

படியிறங்கும்போது ஹோட்டல்காரர் சொன்னார்: "என் யோசனைக்குப் பாதி மார்க்காவது குடுத்துருக்கணும்."

"மூக்குல ஏறினதுக்கு உங்க மேல கேஸ் போடணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்றாம் பீரியடில் கீபோர்டில் ஆறரைக் கட்டையை அழுத்திக் காட்டிவிட்டு ஓரமாக நின்றாள். பிள்ளைகள் பாடினார்கள். நடுவில் அவள் இரண்டு முறை சேர்ந்துகொண்டாள், இரண்டு முறையும் மேலே போகும் இடத்தில் குரல் உடைந்து நிறுத்தினாள். பாட்டு முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய், "இனிமே சத்தமாவே பாடு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றாள்.

"என்னைக்கு டீச்சர்?"

"ரெண்டாம் வகுப்புல."

"சரி டீச்சர்."

மணி அடித்தது. அடுத்த பீரியட் ஏழாம் வகுப்பு, பிறகு சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவைப் பார்த்துக்கொள்ளும் முறை அவளுடையது. மதியம் மழை பெய்ததால் விளையாட்டு நேரத்துப் பிள்ளைகளையும் பாட்டு அறைக்கே அனுப்பினார்கள். நாலரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.