குடும்பத்துக்கு ஒரு வாக்கு

எங்கள் சங்கத்தின் விதிகளை, அதாவது யாப்பை, எழுதியவர்கள் நல்ல மனிதர்கள். புலம்பெயர்ந்த புதிதில், டண்டினொங்கில் தொழிற்சாலை வேலை முடித்து வந்து, யாரோ ஒருவர் வீட்டுக் குசினி மேசையில் கூடியிருந்து எழுதினார்கள். அவர்கள் கண்டதெல்லாம் குடும்பங்கள்தான். ஆகவே ‘குடும்பத்துக்கு ஒரு அங்கத்துவம், குடும்பத்துக்கு ஒரு வாக்கு’ என்று போட்டார்கள். கணவனும் மனைவியும் பிரிந்தால் அந்த வாக்கு யாரோடு போகும் என்று எழுதவில்லை. நடைமுறையில் அங்கத்துவமும் வாக்கும் ஆம்பிளையோடு போயின.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்பை எடுத்த ஆசிரியைக்கு, கணவனைப் பிரிந்தபோது, அப்படித்தான் நடந்தது. வாரநாட்களில் அவர் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில், வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைகளைத் தமிழில் வாதாட வைத்தார். என் மகள் அங்கே படித்துவிட்டு வந்து என்னோடேயே வாதாடினாள். அதற்கு நான் யாரிடம் முறையிடுவது?

ஒரு வருடாந்தக் கூட்டத்தில் பொருளாளர் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். பெரிய வகுப்புக்கு ஒதுக்கிய பணம் வெட்டப்பட்டு, கலைவிழாவுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கப் போயிருந்தது. பின்வரிசையில் இருந்த ஆசிரியை எழுந்து பேசத் தொடங்கினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “நீங்கள் இப்ப மெம்பர் இல்லையே, தங்கச்சி.”

“ஓம்” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். செயலாளராகிய எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

“அண்ணை, இந்த நாட்டின்ர தேர்தலுக்கு நான் போகாட்டி ஃபைன் அடிக்கிறாங்கள். எங்கட சங்கத்தின்ர ஸ்பீக்கரைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை.”

தலைவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அடுத்த வாரமே ஆசிரியைக்குக் கௌரவ அங்கத்துவம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நான்தான் அந்தச் செய்தியைக் கொண்டுபோனேன், காரியம் முடிந்தது என்ற சந்தோஷத்தோடு.

“வேண்டாம் அண்ணை. எனக்கெண்டு தந்தா நாளைக்குத் திருப்பி எடுக்கலாம். எல்லாருக்குமெண்டு யாப்பில எழுதினா லேசில எடுக்கேலாது.”

இதைக் கேட்டுத் தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று நான் திருத்தம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து வீடு வீடாகத் தொலைபேசியில் பேசினார். “பெரிய குடும்பத்துக்கு நாலு வாக்கு, தனி ஆளுக்கு ஒண்டு. இது எந்த ஊர் நியாயம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

யாப்பை மாற்ற, வந்திருக்கும் வாக்குகளில் நாலில் மூன்று பங்கு வேண்டும். அந்த வாக்குகளோ வீட்டுக்கு வீடு ஆண்களின் சட்டைப்பையில் இருந்தன. தங்கள் வாக்கைப் பங்குபோட அவர்களே கை தூக்கவேண்டும். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆசிரியை ஒருவரையும் கெஞ்சவில்லை. பள்ளி வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “கூட்டத்தண்டைக்கு உங்கட குடும்ப வாக்கைப் போடுறது ஆர் எண்டு வீட்டில கதைச்சனீங்களோ?”

அவ்வளவுதான். அந்த மாதம் எங்கள் ஆட்கள் வீடுகளில் சோறு நேரத்துக்கு வந்ததா என்பது சந்தேகம். யாப்பை நானும் எடுத்துப் பார்த்தேன். குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்றுதான் இருந்தது. அதை யார் போடுவது என்று ஒரு சொல்லும் இல்லை. இத்தனை வருடம் செயலாளராக இருந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. அந்தப் பெண்ணின் மூளையை நினைத்து மலைத்துப்போனேன்.

கூட்டத்தன்று வாசலில் நின்று குடும்பத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பது என் வேலை. நீட்டிய கைகளில் பாதிக்கு மேல் வளையல் போட்ட கைகள். என் வீட்டு அட்டையை எனக்கென்று எடுத்துவைத்திருந்தேன். “இஞ்ச தாங்கோ” என்று என் மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அட்டை இல்லாத ஆண்கள் சிலர் குசினிப் பக்கம் ஒதுங்கி றோல்ஸ் பொரித்தார்கள். ஆசிரியை மண்டபத்துக்கு வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றார். அவரைப் பற்றிய வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை.

மஞ்சள் அட்டைகள் உயர்ந்தன. பொருளாளர் எண்ணினார். மீண்டும் எண்ணினார். “முக்கால் பங்குக்கு ஒண்டு குறையுது” என்றார்.

தலைவர் எழுந்தார். திருத்தம் தோற்றது என்று அறிவித்தால் போதும், அவர் நினைத்தது நடந்துவிடும். அவர் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, குசினிக் கதவைக் காட்டினார். அங்கே ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு, அட்டையைத் தூக்கியபடி நின்றாள். பொருளாளர் நின்ற இடத்துக்குத் தூண் மறைத்தது.

“அந்தத் தாயின்ர கையை விட்டிட்டியள். அதையும் எண்ணுங்கோ” என்றார்.

திருத்தம் நிறைவேறியது. கண்ணாடிக்கு அப்பால் நின்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

அடுத்த வருடக் கூட்டத்தில் ஆசிரியை தன் சொந்த அட்டையோடு முன்வரிசையில் இருந்தார். வரவுசெலவுத் திட்டத்தின்மேல் எழுந்து நிதானமாகப் பேசினார். பெரிய வகுப்புக்குப் பணம் திரும்பி வந்தது. அடுத்தது தலைவர் தெரிவு. பழைய தலைவரை எதிர்த்து நான் நின்றேன். ஒரு வாக்கு நிச்சயம் என்று நினைத்தேன்.

என் பெயரைச் சொன்னபோது ஆசிரியையின் அட்டை மடியில் கிடந்தது. பழைய தலைவரின் பெயரைச் சொன்னபோது உயர்ந்தது. நான் தோற்றேன்.

தேத்தண்ணி வரிசையில் என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் எனக்காக நிண்டனீங்கள், அதை நான் மறக்கமாட்டன். ஆனா அந்தாள் எனக்கு எதிரா நிண்டுகொண்டே என்ர பக்கத்துக் கையை எண்ணினவர். அப்படி ஒரு ஆள் அந்தக் கதிரையில இருக்கவேணும்.”

கோபம் வந்தது. அதற்கு மேலாக, இப்படி ஒருவருக்காகத்தானே யாப்பை மாற்றினோம் என்ற பெருமையும் வந்தது. காரில் போகும்போது மனைவியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அவ சொன்னது சரிதானே” என்றாள்.

அவளுடைய அட்டை எப்போது உயர்ந்தது என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வாக்கு.